புதிர் மேசை அல்ல, தேற்று மேசை

சென்ற வாரம் ஷாம்பெயின் என்ற பிரெஞ்சு நுரை ஒயினைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தைத் தமிழ்க் குரலில் பார்த்தேன். ஷாம்பெயின் வணிகம் நடத்திய மேடம் கிளிக்கோவின் கதை வந்தது. நிலவறை, அடுக்கடுக்காகப் புட்டிகள், துளையிட்ட ஒரு மரப்பலகை. "இதுதான் அவர் கண்டுபிடித்த புதிர் மேசை" என்றது குரல். இந்தச் சொல்லை நான் கேட்பது இது மூன்றாவது தடவை. இனிமேல் பேசாமல் இருக்க முடியாது.

அந்த மேசையில் புதிர் எதுவும் இல்லை. அதன் ஆங்கிலப் பெயர் 'ரிட்லிங் டேபிள்'. ஆங்கிலத்தில் 'ரிடில்' என்று ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று விடுகதை. மற்றது பெரிய கண் சல்லடை; அதை ஆட்டிச் சலிப்பதற்கும் அதே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் இவை வேறு வேறு சொற்கள். ஒயின் தொழிலுக்கு வந்தது சல்லடைச் சொல். இந்த வேலைக்குப் பிரெஞ்சுப் பெயர் 'ரெமுவாஜ்', அதாவது அசைத்தல். மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு சொல் பிசகினால் என்ன குடி மூழ்கிவிட்டது என்பார்கள். செய்த வேலையே மறைந்துபோகிறது. புதிர் மேசை என்று கேட்பவர், யாரோ ஒரு பெண்மணி உட்கார்ந்து யோசித்து விடை சொன்னார் என்றுதான் நினைப்பார். நடந்தது கைவேலை. 'பார்ப்-நிக்கோல் போன்சார்தான்' என்பது மேடம் கிளிக்கோவின் பிறந்த வீட்டுப் பெயர். 1777-இல் பிரான்சின் ரான்ஸ் நகரில் பிறந்தவர். 1805-இல் கணவர் பிரான்சுவா கிளிக்கோ இறந்தபோது அவருக்கு வயது 27. மணமான பெண் கணவனின் ஒப்புதல் இல்லாமல் வணிகம் செய்ய அன்றைய சட்டம் விடாது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. கணவரின் ஒயின் வணிகத்தை மூடாமல் கையில் எடுத்தார்.

அவரைப் படுத்திய தொல்லை மண்டி, அதாவது புட்டிக்குள் படியும் கசடு. ஷாம்பெயின் இரண்டாம் முறை நொதிப்பது மூடிய புட்டிக்குள். நுரை அப்படித்தான் உண்டாகிறது. செத்த ஈஸ்டும் உள்ளேயே தங்கிவிடுகிறது. வேறு புட்டிக்கு இறுத்தால் நுரை போய்விடும். அதனால் பலகையில் துளையிட்டு, புட்டிகளைக் கழுத்து கீழாகச் செருகினார்கள். 1816 என்று அவருடைய நிறுவனம் ஆண்டு குறிக்கிறது. நிலவறைத் தலைவர் ஆன்ட்வான் டி முல்லர் உடன் உழைத்தார்.

அங்கே கை செய்வதைக் கவனியுங்கள். புட்டியின் அடியைப் பிடித்து லேசாக ஓர் உலுக்கு. எட்டில் ஒரு பங்கு திருப்பம். கழுத்து இன்னும் கொஞ்சம் கீழே போகும்படி மறுபடி செருகல். எவ்வளவு திருப்பினோம் என்று தெரிய அடியில் ஒரு வெள்ளைக் கோடு. இப்படியே வாரக்கணக்கில். தேர்ந்த ஆள் ஒரு நாளில் 40,000 புட்டிகள் வரை திருப்புவார். மண்டி மெல்லச் சறுக்கி மூடியின் மேல் வந்து உட்காரும். திறந்தால் முதலில் அதுதான் பீறிட்டு வெளியேறும்.

இதற்குச் சிலர் 'குலுக்கல்' என்கிறார்கள். புதிருக்கு இது தேவலை, ஆனாலும் ஒப்ப முடியாது. குலுக்கினால் மண்டி கலங்கும். இங்கே கலங்கவே கூடாது. போதாததற்கு, குலுக்கல் என்றதும் நமக்குப் பரிசுச் சீட்டுதான் நினைவுக்கு வரும். 'சலித்தல்' என்று ஆங்கிலத்தைப் பின்தொடர்வதும் வீண். இங்கே எதுவும் சல்லடைக் கண் வழியே இறங்குவதில்லை.

நம்மிடம் சொல் இருக்கிறது. தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று பெயர். தேறு என்றால் தெளி. 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று புறநானூறு 56-ஆம் பாட்டு சொல்வது கப்பலில் வந்த மேலைநாட்டு மதுவைத்தான். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் இழைப்பது தேற்றாங்கொட்டை. கலங்கல் அடியில் போய் நிற்கும், மேலே தண்ணீர் தேறும். ரெமுவாஜ் செய்வதும் அதேதான், அடிக்குப் பதிலாகக் கழுத்து. ஆகவே அது தேற்றல், அந்தப் பலகை தேற்று மேசை. தேற்றுதல் என்றால் ஆறுதல் சொல்வது அல்லவா என்று கேட்கலாம். அதுவும் கலங்கிய மனத்தைத் தெளியவைப்பதுதான், வேர் ஒன்றே.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒரு சொல்லால் மட்டும் அல்ல. அதே படத்தில் 'ஸ்பார்க்ளிங்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து, நுரைக்கும் ஒயினை 'மின்னும் ஒயின்' என்றார்கள். ஷாம்பெயின் வணிகம் நடத்திய இன்னொரு பெண்மணி லூயிஸ் பொம்மெரியின் கதை வந்தபோது, 'ட்ரை' என்பதை அப்படியே பெயர்த்து 'உலர்ந்த ஷாம்பெயின்' என்றார்கள். திரவம் எப்படி உலர்ந்திருக்கும் என்று எழுதியவருக்கும் தோன்றவில்லை, வாசித்தவருக்கும் தோன்றவில்லை. இனிப்பில்லாதது என்று சொன்னால் போதும். 1858-இல் கணவரை இழந்த பொம்மெரி, சர்க்கரை கொட்டிய ஷாம்பெயினே வழக்கமாக இருந்த காலத்தில், ஆங்கிலேயரின் நாக்கை அறிந்து 1874 அறுவடையிலிருந்து 'ப்ரூட்' என்ற இனிப்பில்லாத வகையைச் செய்தார். சர்க்கரையைக் குறைத்தால் திராட்சையின் குறை நாக்கில் நேரே படும், ஒளிக்க இடமில்லை. நன்றாகப் பழுத்த காய்ப்பு வேண்டும், அதுவரை காத்திருக்கும் துணிவும் வேண்டும். இவ்வளவும் 'உலர்ந்த' என்ற சொல்லில் எங்கே இருக்கிறது?