நாற்பது நாள் படை

1226ஆம் ஆண்டு கோடையில் பிரான்ஸ் மன்னர் எட்டாம் லூயி அவிஞ்ஞோன் நகரை முற்றுகையிட்டிருந்தார். நகரம் பணியவில்லை, பாசறையில் நோய் வேறு பரவிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஷாம்பேன் பகுதியின் பிரபு நான்காம் தியோபால்ட் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். மன்னருக்குக் கடும் கோபம். ஆனால் வழக்கம் தியோபால்டின் பக்கம் இருந்தது. ஆண்டுக்கு நாற்பது நாள் போர்ச்சேவை செய்வதுதான் அவருடைய கடமை. அந்த நாற்பது நாள் முடிந்துவிட்டது.

ஒரு நாட்டின் அரசர், பாதிப் போரில் எழுந்து போகிறவரைத் தடுக்க முடியாமல் நிற்கிறார். இவ்வளவு சிரமப்படுவதற்குச் சம்பளம் கொடுத்துச் சொந்தமாக ஒரு படையை வைத்துக்கொண்டிருக்கலாமே?

சிக்கல் வயலிலேயே தொடங்குகிறது. அன்றைய மேற்கு ஐரோப்பாவில் ஒரு படி கோதுமை விதைத்தால் மூன்று, நான்கு படி கிடைக்கும். அதில் ஒரு படியை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். மிச்சத்தில் உழுதவன் குடும்பம் சாப்பிட்டது போகத்தான் பிரபுவுக்கும் தேவாலயத்துக்கும். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நிலத்தில் வேலை செய்தும் இவ்வளவுதான் தேறியது. இந்த உபரியில்தான் போர்க்குதிரையும் தின்ன வேண்டும். ஒரு குதிரைக்கு நாளுக்கு ஓட்ஸும் உலர்புல்லுமாகச் சுமார் 10 கிலோ வேண்டும், சண்டை இல்லாத நாளிலும்.

சரி, ஒவ்வோர் ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால்? மாட்டுவண்டியில் பல நாள் இழுத்து வந்தால், வண்டி மாடும் வண்டிக்காரனும் சாப்பிட்டே பாதி தீர்ந்துவிடும். அதனால்தான் அந்தக் கால அரசர்கள் பலர் தலைநகரில் உட்காரவே இல்லை. இங்கிலாந்தின் ஜான் மன்னர் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் சில நாள் தங்கினாலே பெரிது. தானியம் அரசரிடம் வருவதைவிட அரசர் தானியத்தைத் தேடிப் போவது மலிவு.

படைக்கும் இதே வழிதான். வீரனுக்குக் கூலி கொடுக்கக் கையில் நாணயம் இல்லை, ஆனால் நிலம் இருக்கிறது. அதைக் கொடுத்தார்கள். வீரன் அந்த நிலத்தின் வரும்படியில் குதிரை வாங்கிக்கொள்வான், கவசம் செய்துகொள்வான், சின்ன வயதிலிருந்து மகனுக்குப் பயிற்சி கொடுப்பான். கூப்பிட்டால் வருவான். நிலமானிய முறை என்று பள்ளியில் படித்தோமே, அதன் ராணுவப் பக்கம் இது. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மடாலயங்களைக்கூட விடவில்லை. பீட்டர்பரோ மடம் மட்டும் 60 நைட்களை, அதாவது கவசம் பூண்ட குதிரைவீரர்களை, தர வேண்டியிருந்தது.

என்ன, சம்பளத்தை நிறுத்தலாம், கொடுத்த நிலத்தை அவ்வளவு எளிதாகத் திரும்ப வாங்க முடியாது. அது மகனுக்குப் போகும், பிறகு பேரன்களுக்குள் பங்கு பிரியும். பாட்டன் கொடுத்த வாக்குறுதி கிழிந்து, ஒரு நைட்டில் இருபதில் ஒரு பங்கு சேவை என்றெல்லாம் ஆவணங்களில் வந்து நிற்கும். இருபதில் ஒரு நைட்டை எப்படிப் போருக்கு அனுப்புவது? பணமாக வாங்கிக்கொள்வதுதான் வழி. ‘கேடயப் பணம்’ என்ற பெயரில், போருக்கு வராதவர்களிடம் காசு வாங்கி, அதில் கூலிப்படை பிடிக்கும் பழக்கம் 12ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் வேரூன்றிவிட்டது.

காசு புழங்கத் தொடங்கிவிட்டதே, இனி நிரந்தரப் படை வைக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் எட்வர்ட் காலத்தில், குதிரையில்லாத காலாள் வில்லாளிக்கு நாளுக்கு 3 பென்னி. 10,000 பேர் என்றால் 30,000 பென்னி, அதாவது 125 பவுண்டு (அன்று 240 பென்னி ஒரு பவுண்டு). வருடம் முழுக்க வைத்திருந்தால் 45,625 பவுண்டு. போருக்கென்று தனியாகப் போடும் வரிகளைச் சேர்க்காமல் அவருடைய வழக்கமான வருமானமோ ஏறக்குறைய 30,000 பவுண்டுதான். குதிரைப்படையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கவசம் பூண்ட குதிரைவீரனுக்கு நாளுக்கு 12 பென்னி. ஆகவே எட்வர்ட் ஃப்ளாரன்ஸின் வங்கிக் குடும்பங்களிடம் கடன் வாங்கினார். ஒழுங்காகத் திருப்பித் தரவில்லை. பெருட்சி 1343இலும் பார்டி 1346இலும் திவாலானதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்த வாராக்கடனும் அதில் ஒன்று.

இதனால் அரசர்களிடம் ஆயுதமேந்திய ஆளே நிரந்தரமாக இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அரண்மனைச் சாப்பாட்டில் வளர்ந்த வீட்டு நைட்கள் எப்போதும் உடனிருந்தார்கள். முதலாம் எட்வர்டிடம் சில பத்துப் பேர், அதிகபட்சம் நூறை ஒட்டி. போர் வந்தால் அவர்களைச் சுற்றித்தான் பெரிய படை திரளும், போர் முடிந்ததும் கரைந்துவிடும்.

உண்மையில் சில சமயம் கரையவே கரையாது. இங்கிலாந்தும் பிரான்ஸும் 1360இல் சமாதானம் செய்துகொண்டதும் வேலையிழந்த கூலிப்படையினர் கும்பல் சேர்ந்து கிராமம் கிராமமாகக் கொள்ளையடித்தார்கள். அவர்களை ஒடுக்கப் போன பிரெஞ்சு அரசப் படையையே 1362இல் பிரினியே என்ற இடத்தில் தோற்கடித்தார்கள். வீட்டுக்கு அனுப்பவும் முடியாது, வைத்துச் சோறு போடவும் முடியாது.

இந்த முடிச்சைப் பிரெஞ்சு மன்னர் ஏழாம் சார்லஸ் அவிழ்த்த விதம் சுவாரசியமானது. 1439இல் அவர், இனி படை திரட்டும் உரிமை அரசருக்கு மட்டுமே என்றார். பிரபுக்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான்: சொந்தப் படை உள்ள அரசருக்குப் பிரபுக்களின் தயவு எதற்கு? 1440இல் கிளர்ச்சி வெடித்தது, அதில் சார்லஸின் 16 வயது மகன் லூயியும் சேர்ந்துகொண்டார். சார்லஸ் அடக்கினார். பிறகு 1445இல், நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த கும்பல்களிலிருந்தே தேறியவர்களைப் பொறுக்கி எடுத்து 15 அணிகள் அமைத்தார். அணிக்கு 100 ‘ஈட்டி’, ஒரு ஈட்டிக்கு ஏவலாட்கள் உட்பட 6 பேர். மொத்தம் 9,000 பேர், அதில் சண்டை போடுகிறவர்கள் 6,000. தனித்தனியாக ஊர்களில் தங்கவைத்து, சம்பளத்துக்குத் ‘தாய்’ (taille) என்ற வரியை ஆண்டுதோறும் வசூலித்தார். பிரபுக்களுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு, அணிகளில் தலைமைப் பதவியும் உண்டு. முணுமுணுப்பு அடங்கிவிட்டது. முழுச் சுமையும் உழவன் தலையில் ஏறியது.

அப்பாவை எதிர்த்துக் கிளம்பிய மகன் 1461இல் பதினொன்றாம் லூயியாக அரியணை ஏறினார். அந்தப் படையைக் கலைக்கவில்லை, பெரிதாக்கினார். அவர் காலத்தில் ‘தாய்’ வரி மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தது.