மசக்கைக்கு மூக்களவு எலுமிச்சை

பினாங்கு ஜார்ஜ் டவுன் லெபோ பசாரை நம்மவர்கள் இன்னும் கடைத்தெரு என்றுதான் சொல்கிறார்கள். காலையில் அங்கே நடந்தால் மூக்குக்கு ஓய்வே இல்லை. ஒரு பக்கம் மல்லிகைச் சரம், நாலடி தள்ளிச் சாம்பிராணி, அடுத்த கடையில் மசாலாத் தூள், மூலையில் எண்ணெயில் வேகும் வடை. என் தங்கை அந்த வாசனைகளோடு வளர்ந்தவள். கர்ப்பத்தின் இரண்டாம் மாதம் முடிகிற சமயத்தில் பூக்கடை வாசலில் நின்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மல்லிப்பூ நாறுதுக்கா” என்றாள். பூக்காரம்மா சிரித்தார். நானும்தான். ஆனால் வேதியியல் அவள் பக்கம்.

மல்லிகை மணத்தில் இண்டோல் என்றொரு பொருள் இருக்கிறது. துளியூண்டு இருக்கும்வரை பூவுக்கு அந்தக் கனத்த இனிமையைத் தருவது அதுதான். அளவு கூடினால் அதுவே மலவாடை. மலத்தில் இருப்பதும் இதே இண்டோல்தான். வாசனையை வைத்து மசக்கையைத் தணிக்க நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

முதலில் மசக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழு, எட்டுப் பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் 6ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, 9ஆம் வாரவாக்கில் உச்சம் தொட்டு, 16 முதல் 20 வாரங்களுக்குள் அடங்கிவிடும். ‘மார்னிங் சிக்னஸ்’ என்ற ஆங்கிலப் பெயர் காலை நேரத்தின் மேல் மட்டும் பழி போடுகிறது. நேரமே குறிப்பிடாத நம் ‘மசக்கை’ இந்த விஷயத்தில் நேர்மையான சொல். ராத்திரி பத்து மணிக்கும் குமட்டும்.

காரணம் வெகுகாலம் சரியாகப் பிடிபடவில்லை. ‘எல்லாம் மனசுதான்’ என்று பெண்களையே குற்றம் சொன்ன காலமும் உண்டு. 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்த ஆய்வு ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனை நோக்கி விரல் நீட்டியது. கருவும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து இதைத் தாயின் இரத்தத்தில் விடுகின்றன. மூளையின் அடித்தண்டில் வாந்தியைக் கிளப்பும் பகுதி இரத்தத்தில் மிதப்பதை எளிதில் மோப்பம் பிடிக்கக்கூடியது. ஹார்மோன் ஏறியதும் அது விழித்துக்கொள்கிறது. கர்ப்பத்துக்கு முன்பு உடம்பில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களுக்குத் திடீர் ஏற்றம் கூடுதலாக உறைக்கிறது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பெண்களுக்கு இந்த ஹார்மோன் எப்போதுமே அதிகம். அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவாகவே வருகிறதாம். தலசீமியா பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்படாத மலேசியக் குடும்பம் குறைவு என்பதால் இந்தத் தகவல் எனக்குக் கொஞ்சம் பக்கத்து வீட்டுச் செய்தி போலவே பட்டது.

சரி, மூக்குக்கு இதில் என்ன வேலை? கர்ப்பிணிக்கு நாய்மூக்கு வந்துவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்தபோது அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. மங்கலான வாசனையைக் கண்டுபிடிக்கும் திறன் பெரும்பாலும் பழையபடிதான் இருக்கிறது. மாறுவது தீர்ப்பு. நேற்றுவரை ‘பரவாயில்லை’ என்றிருந்த பெலாச்சான் (இறால் விழுது) இன்று ‘ஐயோ’ ஆகிவிடுகிறது. மூக்கில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. அவை அனுப்பும் செய்தி, கண் காதுச் செய்திகளைப் போல இடைநிலையமான தலாமஸைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. அச்சமும் நினைவும் உறையும் பகுதிகளுக்கு நேராகவே போய்ச் சேருகிறது. அதனால்தான் யோசிப்பதற்கு முன்னாலேயே குமட்டல் வந்துவிடுகிறது.

குமட்டல் நுழைகிற அதே வாசல் வழியாக ஆறுதலையும் அனுப்பலாமா என்பதுதான் வாசனை வைத்தியத்தின் கேள்வி. 2014இல் ஈரானில் 100 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், பாதாம் எண்ணெயில் கலந்த எலுமிச்சை எண்ணெயைப் பஞ்சில் விட்டு முகர்ந்தவர்களுக்கு நான்கு நாள்களில் குமட்டல் கணிசமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் எலுமிச்சையை முகர்கிறோமா இல்லையா என்பது முகர்கிறவருக்கே தெரிந்துவிடுமே! நம்பிக்கை செய்த வேலையை அதிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். புதினா எண்ணெயின் கதை இன்னும் கலங்கலானது. சில ஆய்வுகளில் பலன், சிலவற்றில் இல்லை. புதினாவின் மென்தால் வாசனை நரம்பை மட்டுமல்ல, குளிரை உணரும் நரம்பையும் தட்டுகிறது. அந்தச் ‘சில்’ என்ற உணர்வு நிஜம், அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எதையாவது முகரும்போது தானாகவே மூச்சை மெதுவாக, ஆழமாக இழுக்கிறோம். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலில், வாசனை இல்லாத வெறும் நிதான மூச்சே ஏறக்குறைய அதே பலனைத் தந்த ஆய்வு உண்டு. ஆக, எலுமிச்சைக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதி மூச்சுக்குப் போக வேண்டியதாக இருக்கலாம்.

செய்முறை சிறியது. எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினாலே போதும். லிமோனீன் நிறைந்த எண்ணெய்ப் பைகள் உடைந்து மணம் வரும். சந்தையில் கிடைக்கும் குட்டி எலுமிச்சையான லீமாவ் கஸ்தூரியும் சரி, கசக்கிய செராய் (எலுமிச்சைப் புல்) தண்டும் சரி. புட்டி எண்ணெய்தான் வேண்டும் என்றால் கைக்குட்டையில் ஒரே ஒரு சொட்டு. மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்கால் இழுத்து வாயால் விட்டு, நாலைந்து மூச்சுக்குப் பிறகு எடுத்து வைத்துவிட வேண்டும். நாள் முழுக்க அறையில் ஆவியாக்கும் கருவி வேண்டாம். மூக்கு பழகிப்போய்ப் பலன் மங்கும், தலைவலியும் வரலாம். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது முகரவும் வேண்டாம். மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். என் தங்கை ஃபெரியில் புதினா எண்ணெயை முகர்ந்துகொண்டே வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் மூன்று மாதம் வீட்டில் யாரும் புதினாப் பற்பசை வாங்கக் கூடாது என்று கட்டளை.

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் மருந்தான கோடாலித் தைலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மென்தால், யூக்கலிப்டஸ் எண்ணெயோடு கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் அதில் சேர்ந்திருக்கின்றன. கற்பூரம் நஞ்சுக்கொடியைக் கடக்கும். மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுக்காரன். அதன் சுத்தமான எண்ணெய் ஒரு தேக்கரண்டி உள்ளே போனால், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளை விழுங்கியதற்குச் சமம். வயிறு முதுகெல்லாம் தேய்க்கிற பழக்கத்தைக் கர்ப்பத்தில் நிறுத்திவைப்பது நல்லது. எந்த வாசனை எண்ணெயையும் தண்ணீரில் கலந்து குடிக்கவே கூடாது, ‘இயற்கை’ என்று புட்டியில் எத்தனை பெரிதாக எழுதியிருந்தாலும்.

வாசனை தொடுவது லேசான குமட்டலை மட்டும்தான். தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்க வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் கடும் மஞ்சளாகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, எடை இறங்குகிறது என்றால் எலுமிச்சையை மேசையில் வைத்துவிட்டு, கர்ப்பப் பரிசோதனைகளைப் பதியும் பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய குமட்டல் மருந்துகள் டாக்டரிடம் இருக்கின்றன. தேவைப்பட்டால் இரத்தக் குழாய் வழியாக நீரும் ஏற்றுவார்கள்.