பசுமரத்தாணி நினைவுகள்

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 விநாடிகளில் சிதறி, அதிலிருந்த 7 பேரும் உயிரிழந்தனர். மறுநாள் காலை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர் உல்ரிக் நைசர், அச்செய்தியை எங்கே, யார் வழியாக, என்ன செய்துகொண்டிருக்கையில் அறிந்தார்கள் என்பதை மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களுள் 44 பேரிடம் அவரும் நிக்கோல் ஹார்ஷும் அதே கேள்விகளைக் கேட்டபோது, 11 பேரின் விடைகள் முதலில் எழுதியவற்றோடு சற்றும் பொருந்தவில்லை. ஆயினும் பலர் தம் நினைவே சரி என்று உறுதியாக நம்பினர். தம் கையாலேயே எழுதிய தாளைப் பார்த்த பிறகும் ஒருவருக்குக்கூடப் பழைய நினைவு மீளவில்லை என்பதே இந்த ஆய்வில் என்னை மிகவும் திகைக்க வைக்கும் செய்தி.

பசுமரத்தாணி போலப் பதிந்ததாக நாம் கருதும் நினைவு எப்படி மாறிப்போகிறது?

ஓர் அனுபவத்தின் காட்சியும் ஒலியும் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் பதிய, அவற்றை ஒரே நிகழ்வாகப் பிணைப்பது ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி. புதிய நினைவு முதலில் நிலையற்றது. நரம்பணுக்களில் புதிய புரதங்கள் உருவாகி, அந்த அணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பெற்ற பின்னரே அது நிலைபெறுகிறது. அச்சமோ அதிர்ச்சியோ ஏற்படும்போது சுரக்கும் அட்ரினலின், வேகஸ் நரம்பு வழியாக மூளையைத் தூண்ட, ஹிப்போகாம்பஸை ஒட்டியுள்ள அமிக்டலா என்னும் பகுதியில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் பெருகி, அந்தப் பதிவை வலுவாக்குகிறது. 1994இல் லாரி காஹிலும் ஜேம்ஸ் மெக்காவும் தம் குழுவினரோடு இதைச் சோதித்தனர். ஒரு சிறுவன் விபத்தில் சிக்கும் கதையைக் கேட்டவர்களுக்குச் சாதாரணமாக விபத்துப் பகுதியே நன்கு நினைவில் நின்றது. அட்ரினலினின் விளைவைத் தடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையை முன்னரே உட்கொண்டவர்களுக்கோ அந்தக் கூடுதல் வலிமை கிடைக்கவில்லை.

ஆனால் நிலைபெற்ற நினைவும் முத்திரையிட்ட ஆவணம் அன்று. 2000இல் கரீம் நாதரும் ஜோசப் லெடூவும் தம் குழுவினரோடு எலிகளிடம் நடத்திய ஆய்வில், அச்ச நினைவைத் தூண்டிய உடனே அமிக்டலாவில் புரத உருவாக்கத்தை மருந்தால் தடுத்தபோது அந்த அச்சம் பெரிதும் மறைந்தது. நினைவைத் தூண்டாமல் அதே மருந்தைச் செலுத்தியபோது எதுவும் மாறவில்லை. நினைவுகூரலே நினைவை மீண்டும் நெகிழச் செய்யக்கூடும். துயரச் செய்திகளை நாம் பலமுறை பேசுகிறோம், அவற்றின் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அப்போதெல்லாம் புதியவை உள்ளே கலக்க வாய்ப்பு உண்டு. நைசரின் மாணவர்களுள் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு அறிந்ததாகச் சொன்னோர் முதலில் 21 விழுக்காடு; பின்னர் 45.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் 54 பேரிடம் தொடங்கிய ஆய்வில், தாக்குதல் செய்தியை அறிந்த கணமும் அந்நாட்களின் சாதாரண நிகழ்வொன்றும் மாதங்கள் செல்லச் செல்ல ஒரே அளவில் பிசகின. தாக்குதல் பற்றிய நினைவின் தெளிவும் அதன்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கையும் மட்டுமே குறையாமல் நின்றன.