அட்டைப் பெட்டிக்கு என்ன தெரியும்?

முக்கூடலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “பீடி சுற்றும் எங்களுக்கு இடுப்பு வலி குறைய வழி சொல்கிறோம் என்று சிலர் வந்தார்கள். கடைசியில் எங்கள் கையிலேயே அட்டையையும் கத்திரியையும் கொடுத்து, நீங்களே செய்யுங்கள் என்றார்கள். இது அறிவியலா, ஏமாற்று வேலையா?”

அறிவியல்தான். பங்கேற்பு வடிவமைப்பு என்பார்கள். ஒரு பொருளைப் புழங்கப்போகிறவரையே அதை வடிவமைக்க உட்கார வைப்பது. 1970களில் நார்வேயில் கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி விஞ்ஞானி இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து இப்படி வேலை செய்தார். 1981இல் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் அச்சுத் தொழிலாளர்களோடு ‘உட்டோப்பியா’ என்றொரு திட்டம் தொடங்கியது. அச்சகத்துக்குள் கணினி நுழைந்துகொண்டிருந்த நேரம். வரப்போகும் கருவிகளை அட்டையிலும் பிளைவுட்டிலும் செய்து வைத்து, அவை ஓடுவதாகப் பாவித்தே வேலை பார்த்தார்கள். ஒரு காலி அட்டைப் பெட்டிதான் அங்கே லேசர் பிரிண்டர்! வரலாறு இவ்வளவு போதும்.

சரி, அட்டை என்ன செய்கிறது? பார்த்துவிடலாம் என்று ஆலங்குளம் பக்கம் சித்தி வீட்டுக்குப் போனேன். மடியில் சொளவை (முறத்தை) வைத்துக் குனிந்தே பல வருடமாகப் பீடி சுற்றுகிறாள். முதலில் சாய்வான ஒரு சிறு மேசையைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். இலைக்கு, தூளுக்கு, நூலுக்குத் தனித்தனி அறை. “நல்லாருக்குய்யா” என்றாள். அவ்வளவுதான். எதைக் காட்டினாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அப்புறம் டிவி வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, அதே மேசையைச் செய்து அவள் முன்னால் வைத்தேன். நூலுக்குப் போன கை தடுப்பில் இடித்தது. ஒன்றும் சொல்லவில்லை, இலை வெட்டும் கத்திரியால் தடுப்பை நறுக்கிவிட்டாள். பத்து பீடி சுற்றியதும் நெளிந்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவள் காலை மடக்கி, நீட்டி மாற்றுவாள். சொளவும் மடியோடு நகரும். தரையில் ஊன்றிய மேசை நகருமா? “காலை மாத்துவேனா, நானா?” என்று அவளே சிரித்தாள்.

எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். வருடக் கணக்காகச் செய்யும் வேலையின் அறிவு கையிலும் காலிலும் படிந்து கிடக்கிறது. கேட்டால் வாய்க்கு வராது. சாமான் முன்னால் இருந்தால் உடம்பு பதில் சொல்லிவிடும். அட்டை மட்டமாக இருப்பதும் நல்லதுதான். வழவழவென்று செய்து வைத்திருந்தால், ‘பிள்ளை மெனக்கெட்டுச் செஞ்சிருக்கானே’ என்ற கூச்சத்தில் கத்திரியை எடுத்திருக்கவே மாட்டாள்.

ஒரு வயிற்றெரிச்சல். இந்த மாதிரி ஆராய்ச்சியில் கேமராவுக்கும் கணினிக்கும் நிதி ஒதுக்குவது எளிது. வந்து உட்காரும் பெண்ணின் கூலிக்கு ஒதுக்க யோசிப்பார்கள். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அரை நாள் வந்தால் அரை நாள் காசு போச்சு. உங்கள் ஊருக்கு வந்தவர்கள் அதைக் கொடுத்தார்களா?

மறுநாள் சித்தி, “இதெல்லாம் இருக்கட்டும்யா. எம் பேத்தி இந்தச் சொளவைத் தொடக் கூடாது. அதுக்கு ஒரு பெட்டி செய்யேன்” என்றாள்.

அதற்கும் வழி உண்டு. ராபர்ட் யுங்க் என்பவர் முன்வைத்த எதிர்காலப் பட்டறையில் மூன்று கட்டம்: முதலில் குறைகளைக் கொட்டுவது, அடுத்து தடையில்லாமல் கனவு காண்பது, பிறகு அதை நடைமுறைக்கு இழுத்து வருவது. குறைக்குப் பஞ்சமில்லை, சீக்கிரம் முடிந்தது. கனவுக்கு, வாசலில் கோலப்பொடியால் ஊரை வரைந்தோம். பேத்தி ஒரு தீப்பெட்டியைக் காலேஜ் பஸ்ஸாக்கி மெயின் ரோட்டில் ஓட்டினாள்.

“ராத்திரி ஏழு மணிக்கு இறங்கி வீடு வரைக்கும் எப்படி வருவே?” என்றாள் சித்தி.

தீப்பெட்டி நின்றது. பஸ்ஸையே யோசித்துக்கொண்டிருந்த நான் அந்த நடையை வரையவே இல்லை. ரோட்டில் இருந்து வீடு வரைக்கும் புதிதாகக் கோடு இழுத்தோம். பேத்தி உள்ளே போய்ப் புளியங்கொட்டை எடுத்து வந்து, தெருவிளக்கு வேண்டிய இடத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக வைத்தாள். மூன்று வைத்தாள். சித்தி வாய்க்கால் பாலத்துப் பக்கம் இன்னொன்றை வைத்தாள்.