நாவல் பழசு, சரி. கையில் இருக்கும் மொழிபெயர்ப்பு?

போன வாரம் ஒரு இளம் இசையமைப்பாளர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய நாவல் ஒன்றைத் தமிழில் இரண்டு மணி நேர ஆப்பராவாக, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகமாக, அமைத்திருக்கிறார். ஒன்றரை வருட உழைப்பு. ஹாலுக்கு முன்பணம் கட்டியாயிற்று. அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வக்கீல் நோட்டீஸ் வருகிறது. அனுப்பியவர், அந்த நாவலைத் தமிழில் மொழிபெயர்த்தவரின் மகள். இதே விஷயத்துக்காக இந்த வருடம் என்னிடம் வரும் மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

"எழுதினவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு மேடம். அப்புறம் யாருக்கு உரிமை?" மூவரும் கேட்ட கேள்வி இதுதான்.

மூல நாவல் பொதுச்சொத்து, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அதை ரஷ்ய மொழியில் படித்தீர்களா? தமிழில்தானே படித்தீர்கள்? அந்தத் தமிழ் ஒருவருடைய உழைப்பு. சட்டத்தில் மொழிபெயர்ப்பு ஒரு தனிப் படைப்பு, அதற்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. மொழிபெயர்த்தவர் வாழும் காலம் முழுக்க, இறந்த ஆண்டு முடிந்து மேலும் 60 ஆண்டுகள். அவர் 1990இல் இறந்திருந்தால் 2050 டிசம்பர் 31 வரை. நாயகி யாரைக் காதலித்தாள், எங்கே உடைந்துபோனாள் என்பது நாவலாசிரியருடையது, எடுத்துக்கொள்ளலாம். அப்போது அவள் வாயில் வரும் தமிழ் மொழிபெயர்ப்பாளருடையது. மெட்டுப் போட்டுவிட்டால் அது உங்களுடையதாகிவிடாது. பாடல்களையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பல பல்லவிகள் வரிக்கு வரி அப்படியே இருக்கின்றன. இதற்கு நான் என்ன வாதாடுவது?

ஆப்பராவில் உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கும். 'கார்மென்' என்ற பிரெஞ்சு ஆப்பராவின் மூலக்கதையை எழுதிய மெரிமே 1870இல் இறந்தார், இசையமைத்த பிசே 1875இல். லிப்ரெட்டோ, அதாவது பாட்டு வடிவக் கதைநூல், எழுதிய மெய்யாக் 1897இல், அலெவி 1908இல். நால்வர் எழுத்தும் இசையும் இன்று யாருக்கும் திறந்தவை. ஆனால் பிற்காலத்தில் ஒருவர் திருத்தித் தொகுத்த ஸ்கோரை, அதாவது இசைக்குறிப்பு நூலை, வைத்து மேடையேற்றினால், அந்தப் பதிப்புக்கு உரிமை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

எழுத்தாளர் உயிரோடு இருந்தால், பங்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இத்தாலியில் எழுத்தாளர் வெர்காவின் சிறுகதையிலிருந்து பிறந்தது இசையமைப்பாளர் மஸ்காஞியின் 'கவல்லேரியா ருஸ்திகானா' ஆப்பரா. 1890இல் ரோமில் அரங்கேறி ஓஹோவென்று ஓடியது. பங்குத் தகராறு கோர்ட்டுக்குப் போய், 1893இல் வெர்காவுக்கு 1,43,000 லீரா கொடுத்த பிறகுதான் தீர்ந்தது.

பணம் கொடுத்துவிட்டால் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்பதும் தப்பு. படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் கெடுதல் செய்வதை எதிர்க்கும் உரிமை படைப்பாளியிடமே இருக்கும். தன் நாவலின் திரைப்பட வடிவம் குறித்து இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 1986இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே, மெட்டு போடுவதற்கு முன்னால் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் இறந்த ஆண்டையும் எழுதி வையுங்கள். பதிப்பகத்தில் கேட்டால் போதும் என்று இருக்காதீர்கள், உரிமை பெரும்பாலும் குடும்பத்திடம் இருக்கும். "போன்ல சரின்னு சொன்னாங்க" என்று என்னிடம் வராதீர்கள். எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் சட்டம் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும், எங்கே என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கி ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை போய்விடும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர. ஆப்பரா ஒரு வருடத்தில் முடிகிற வேலையா? அந்த ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் மேடையேற்றும் எண்ணம் இருந்தால், அங்கே கணக்கு 70 ஆண்டு.

மூலமொழி தெரிந்த ஒருவரை உட்காரவைத்துப் புதிதாகவே தமிழாக்கிக்கொள்ளலாம். செலவுதான். ஆனால் தயவுசெய்து, ஹால் பதிவு செய்யும் முன் செய்யுங்கள்.

அந்தத் தம்பியின் அரங்கேற்றம் தள்ளிப்போயிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலோடு பேசினேன். பணத்தைவிட, அழைப்பிதழில் அப்பாவின் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை என்பதுதான் அந்த அம்மாவுக்கு முதல் வருத்தமாம். புது அழைப்பிதழ் அச்சாகிக்கொண்டிருக்கிறது. பெயரில் எழுத்துப்பிழை இருக்கக் கூடாது என்று புரூஃபை நானே வாங்கிப் பார்த்தேன்.