‘கொன்வீனியன்ட்’ கிறிஸ்தவர்: தமிழில் எப்படிச் சொல்வது?

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு பங்கு அலுவலகம். என் முறை வரும்வரை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். மகனை முதலாம் வகுப்பில் சேர்ப்பதற்குப் பங்குத்தந்தையின் கடிதம் வேண்டுமாம். சுவாமி பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“பிள்ளைக்கு ஞானஸ்நானம் எங்க குடுத்தீங்க?”

“அதுக்கும் சேர்த்துத்தான் வந்தோம் சுவாமி. சனிக்கிழமை எண்டா எங்களுக்கு வசதி.”

அவர்கள் வெளியே போனதும், மேசையில் ரசீது எழுதிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமலே சொன்னார்: “எல்லாம் கொன்வீனியன்ட் கிறிஸ்டியன்ஸ்.”

கொழும்பில் இந்தச் சொல்லைப் பலரும் பலவிதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பொருள் எல்லோருக்கும் விளங்கும். அவர் கடவுளை மறுப்பவர் அல்லர். பள்ளி அனுமதி, கல்யாணம், அடக்கம், நத்தார் நள்ளிரவுப் பூசை என்று தேவை வரும்போது கிறிஸ்தவர். மற்ற நாள்களில் வேதம் அலுமாரிக்குள் இருக்கும்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘கொன்வீனியன்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘கொன்’ என்றால் கூட. ‘வெனிரே’ என்றால் வருதல். கூடிவருதல் என்பதுதான் முதற்பொருள். கூடிவருவது பொருந்தும், பொருந்துவது ஏற்றதாகும், ஏற்றது கடைசியில் சுகமானதாகும். இப்படித்தான் பொருள் இறங்கி வந்திருக்கிறது. கன்னியாஸ்திரிகள் கூடிவாழும் ‘கொன்வென்ட்’ இதே வேரில் கிளைத்த சொல்தான். பிள்ளையைக் கொன்வென்டில் சேர்க்கக் கொன்வீனியன்டாக ஞானஸ்நானம் எடுப்பவர்கள், தெரியாமலே ஒரே குடும்பத்துச் சொற்களைச் சேர்த்துவைக்கிறார்கள்.

ஆங்கில வேதாகமத்திலும் இந்தச் சொல்லுக்கு ஒரு பெயர்போன இடம் உண்டு. செசரியாவில் காவலில் இருந்த பவுல், தேசாதிபதி பேலிக்ஸின் முன்னால் நீதியையும் இச்சையடக்கத்தையும் வரப்போகும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசுகிறார். பேலிக்ஸுக்குப் பயம் பிடிக்கிறது. ‘இப்போது போ, கொன்வீனியன்டான வேளை வரும்போது கூப்பிடுகிறேன்’ என்கிறான். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு அங்கே இந்தச் சொல்லைத்தான் போட்டது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அதே வசனம் (அப்போஸ்தலர் 24:25): “எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்.”

அந்தச் ‘சமயம்’ வராமல் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. அடுத்த வசனத்திலேயே பேலிக்ஸ் பவுலை அடிக்கடி கூப்பிட்டுப் பேசுகிறான். லஞ்சம் கிடைக்கும் என்ற நம்பிக்கை! இரண்டு வருடம் இப்படியே ஓடுகிறது.

சரி, ‘சமயம்’ என்ற சொல்லுக்கு வருவோம். வடமொழியில் ‘சம்’ என்றால் கூட. ‘இ’ என்றால் செல்லுதல். கூடிச்செல்லுதல்தான் சமயம். லத்தீன்காரன் எந்த முடிச்சைப் போட்டானோ அதே முடிச்சு. அதிலிருந்து உடன்பாடு, கொள்கை, தக்க வேளை என்று பொருள்கள் விரிந்தன. ‘அமையம்’தான் சமயம் ஆயிற்று என்று தமிழிலேயே வேர் காட்டுவோரும் உண்டு, அமையம் என்றாலும் பொழுதுதான். எப்படிப் பார்த்தாலும் நம் மொழியில் மதத்துக்கும் வாய்ப்பான நேரத்துக்கும் ஒரே பெயர். சாதாரண தரப் பரீட்சைக்குக் கட்டாயப் பாடமாகப் படிப்பதும் சமயம். ‘சமயம் பார்த்துக் காலை வாரினான்’ என்பதும் சமயம்.

ஆகவே ‘சமயக் கிறிஸ்தவர்’ என்று போட ஆசைதான். ஆனால் கேட்பவர் பக்திமான் என்று நினைத்துவிடுவார். பிரசங்கங்களில் வரும் ‘பெயர்க் கிறிஸ்தவர்’ வேறு ஆள்; அவர் கடிதம் கேட்டுக்கூட வரமாட்டார். ‘வெதுவெதுப்பு’ என்று வெளிப்படுத்தின விசேஷம் சொல்வது சூடு எவ்வளவு என்பதை. இங்கே இருப்பதோ கணக்கு. ‘சந்தர்ப்பவாதி’ அரசியல் மேடைக்குப் போய்விட்டது, திரும்பி வராது. ‘வசதிக் கிறிஸ்தவர்’ என்றால் கொழும்பில் பணக்காரக் கிறிஸ்தவர் என்று அர்த்தமாகிவிடும். (வசதி முதலில் குறித்தது குடியிருப்பை. வசிப்பதும் வாசம் பண்ணுவதும் அதன் சொந்தங்கள்.)

என் தேர்வு ‘தோது’. தோதான நேரம், தோதுப்பட்டால் வருவேன் என்று வாய்ப்பேச்சில் உள்ள சொல். ‘தோதுக் கிறிஸ்தவர்’ என்றால் கடுமையும் இல்லை, விளக்கமும் தேவையில்லை.

இந்த ஆளை இன்றைய கொழும்பு பெற்றது என்றும் சொல்ல முடியாது. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், உத்தியோகம் வேண்டுமானால் தங்கள் சபையில் சேர் என்றார்கள். ஞானஸ்நானமும் கல்யாணமும் பாடசாலைத் தோம்பில், அதாவது பள்ளிக்கூடப் பதிவேட்டில், ஏறின. முதுசம் யாருக்கு என்பதற்கும் அந்தத் தோம்புதான் சாட்சி. 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் இன்றும் புறக்கோட்டைக்கு மேலே மேட்டில் நிற்கிறது. 1796இல் ஆங்கிலேயர் வந்த பிறகு அந்தப் பதிவுக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பழைய வழிபாட்டுக்கே திரும்பிவிட்டார்கள். தோதைக் கேட்டு வாங்கியது அரசாங்கம். தோம்பில் பெயர் கொடுத்தவரை மட்டும் பழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

யாருக்கு இந்தப் பெயர் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்ப் பாருங்கள். பொட்டும் பூவுமாக, இரண்டு பஸ் மாறி வந்து, மெழுகுதிரி கொளுத்திவிட்டு நிற்கும் சைவப் பெண்களைப் பார்க்கலாம். வேலை ஒன்றைக் கேட்டுத்தான் வந்திருப்பார்கள். இருந்தும் அது தோது இல்லை. அவர்களுக்கு அந்தப் பயணத்தில் தோதான எதுவுமே கிடையாது.

அன்று சுவாமி கடிதம் எழுதவில்லை, மறுக்கவும் இல்லை. “சனிக்கிழமை நான் இல்லை, ஞாயிறு பூசைக்கு மூண்டு பேரும் வாங்க, பிறகு கதைப்பம்” என்று அனுப்பிவிட்டார். அந்தத் தாய் கைப்பேசியை எடுத்து ஞாயிறு என்ன இருக்கிறது என்று பார்த்தார்.