படி இறங்கும் முன்பே இறுகும் முழங்கால்

முழங்கால் தேய்மானம் உள்ள ஒருவர் மாடிப்படி இறங்குவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதல் படியில் காலை வைக்கும் முன்பே கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும். மூச்சு பாதியில் நின்றிருக்கும். தொடைத் தசை கல்லாகியிருக்கும். வலி இன்னும் வரவில்லை. ஆனால் உடம்பு அதற்குள் வலிக்குத் தயாராகிவிட்டது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்பார்கள். வருடக்கணக்கில் மூட்டுவலியோடோ முதுகுவலியோடோ வாழ்பவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. இதைச் சொன்னால், "அப்போ எல்லாம் மனப்பிரமைதானே" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அது தவறு மட்டுமல்ல, கொடுமை. அந்த வலி நிஜம்.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு வலி ஆராய்ச்சியாளர்கள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தண்டுவடத்தில் கதவு மாதிரி ஓர் ஏற்பாடு இருக்கிறது. மூட்டிலிருந்து கிளம்பும் வலிச் செய்தியில் எவ்வளவு மூளைக்குப் போகலாம் என்பது அங்கே முடிவாகிறது. மேலே மூளையிலிருந்து வரும் உத்தரவும் அந்தக் கதவைத் திறக்கும், சாத்தும். நுணுக்கங்களில் பிறகு நிறையத் திருத்தங்கள் வந்தன. மூளையும் வலியைக் கூட்டிக் குறைக்கிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. பயம் இருந்தால், இரவு தூக்கம் கெட்டால், கதவு அகலமாகத் திறந்துகொள்ளும். முழங்கால் நேற்றைய முழங்கால்தான், வலி மட்டும் கூடுதல். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் வலியின் அளவும் பல நேரம் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், வலிக்குமே என்று நடையைக் குறைக்கிறோம். தொடைத் தசை மெலிகிறது, மூட்டின் சுமை கூடுகிறது. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. காலை ஊன்றி எடுக்கும்போது ஏற்படும் அழுத்தமும் தளர்வும்தான் மூட்டுத் திரவத்திலிருந்து சத்தை அதற்குள் செலுத்த உதவுகின்றன. பயந்து உட்கார்ந்தே இருந்தால் அதுவும் குறைகிறது. அடுத்த முறை எழும்போது இன்னும் வலிக்கிறது, பயம் இன்னும் வேரூன்றுகிறது.

அதனால்தான் எலும்பு மருத்துவரிடம் போகும்போது தூக்கத்தையும் பயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள் என்கிறேன். அவர் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். எண்ணங்களைச் சீராக்கும் உளவியல் சிகிச்சை இந்தச் சுழலைத் தளர்த்த உதவும். பிசியோதெரபியும் தசையை மட்டும் பலப்படுத்துவதில்லை. ஒரே ஒரு படி, மூச்சை வெளியே விட்டபடி இறங்குவது, நின்று கவனிப்பது, திரும்ப ஏறுவது. மறுநாள் இரண்டு படி. இறங்கினாலும் ஒன்றும் ஆகவில்லை என்பதை மூளை இப்படித்தான், காலின் வழியாகக் கற்றுக்கொள்கிறது.